நோன்பின் மறைவில் ஒரு நோய்

கொச்சி மட்டாஞ்சேரியின் பழைய பகுதிகளில் ஒன்று கொச்சங்காடி. 14ஆம் நூற்றாண்டில் யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்று இங்கே இருந்தது. கட்டடம் அழிந்துவிட்டது, அதன் கல்வெட்டு இப்போது பரதேசி சினகாக்கில் இருக்கிறது. செம்புத் தகடு வேய்ந்த கூரையால் பெயர்பெற்ற செம்பிட்டப்பள்ளி என்னும் மசூதி இங்கேதான் நிற்கிறது. இந்தப் பக்கத்து நைனா குடும்பங்கள் தங்கள் முன்னோர் காயல்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வார்கள். மட்டாஞ்சேரிக்குள்ளேயே கொங்கணிகளின் திருமலை தேவஸ்வம், 1904இல் எழுந்த குஜராத்திகளின் தர்மநாத சமணக் கோயில், 1653இல் கிறிஸ்தவர்கள் செய்த சத்தியத்தின் பெயரைத் தாங்கிய கூனன் குரிசுப் பள்ளி என்னும் தேவாலயம் எல்லாம் உண்டு. ரமலான், ஏகாதசி, சமணரின் பர்யூஷண், கிறிஸ்தவர்களின் ஐம்பது நோன்பு, இருபத்தைந்து நோன்பு என்று ஆண்டு முழுக்க இந்தத் தெருக்களில் ஏதாவது ஒரு வீட்டில் யாராவது நோன்பிருக்கிறார்கள்.

உணவைத் துறப்பதற்கு இவ்வளவு மரியாதை உள்ள இடத்தில், உணவைக் கண்டு அஞ்சும் ஒரு நோய் ஒளிந்துகொள்வது எளிது. "நோன்பு" என்று ஒரு பெண் சொன்னால் வீட்டில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. ரமலான் முடிந்த பிறகும் திங்கள், வியாழன் என்று அவள் நோன்பைத் தொடர்ந்தால் பக்தி என்பார்கள். ஏகாதசியோடு நிறுத்தாமல் சஷ்டி, பிரதோஷம் என்று கூட்டிக்கொண்டே போனால் பாட்டி மெச்சிக்கொள்வாள். எடை குறையக் குறையத் தோழிகள் பாராட்டுவார்கள். மாதவிடாய் நின்றிருக்கும், முடி கொட்டியிருக்கும், மே மாதத்திலும் கை சில்லிட்டிருக்கும். அப்போதும் வீட்டார் அவளை வயிற்று டாக்டரிடம்தான் அழைத்துப் போவார்கள்.

உணவுக்கோளாறிலிருந்து மீள யோகா உதவுமா, ஆயுர்வேதம் உதவுமா, பத்தியம் உதவுமா என்று கேட்கும் குடும்பங்களுக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாததும் இதனால்தான். பட்டினி, பத்தியம், பேதி, உடற்பயிற்சி, உணவில் கட்டுப்பாடு எல்லாம் நம் ஊரில் நல்ல பழக்கங்கள். இந்த நோயும் அதே வேடங்களைத்தான் போட்டுக்கொள்கிறது. ஒரு வழிமுறை மருந்தாகுமா நஞ்சாகுமா என்பதை, அது யாருக்கு, நோயின் எந்தக் கட்டத்தில், எந்த நோக்கத்தோடு கொடுக்கப்படுகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

2025 மார்ச்சில் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயது மாணவி ஒருவர் இறந்தார். எடை கூடிவிடும் என்ற பயத்தில், இணையத்தில் பார்த்த உணவுமுறையைப் பின்பற்றி, மாதக்கணக்கில் உணவை ஒதுக்கியிருந்தார். மருத்துவர்கள் அனோரெக்சியா நெர்வோசா என்ற நோயைச் சுட்டினார்கள். கேரளம் சில நாட்கள் அதிர்ந்தது. யூட்யூபைக் குற்றம் சொல்லிவிட்டுப் பலர் நகர்ந்துவிட்டார்கள். எனக்கு அது போதாது என்று தோன்றுகிறது. அந்த மாதங்களில் அவளைப் போன்ற ஒரு பெண்ணைச் சுற்றி இருப்பவர்கள் எதை நோய் என்று அடையாளம் காணப் பழகியிருக்கிறார்கள் என்பதுதான் உண்மையான கேள்வி.

இது மேலைநாட்டு நோய், பணக்கார வீட்டு நோய் என்ற எண்ணம் நம் மருத்துவர்களிடமே நெடுநாள் இருந்தது. சென்னையில் சீனிவாசன், சுரேஷ், வசந்தா ஜெயராம் ஆகியோர் 1990களில் 210 மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் 31 பேருக்கு உணவும் எடையும் பற்றிய கடுமையான மன உளைச்சல் இருந்தது. மேலைநாட்டு இலக்கணத்துக்குள் அது முழுமையாக அடங்கவில்லை. அதனால் அதை "உண்ணல் உளைச்சல்" என்று தனியே பெயரிட்டு, நமக்கேற்ற கேள்விப் பட்டியல் ஒன்றையும் அவர்கள் வகுத்தார்கள். 1995இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். உண்ண மறுப்பு, வாந்தி, எடை இழப்பு, மாதவிடாய் நிற்றல் எல்லாம் இருந்தன. "நான் குண்டாக இருக்கிறேன்" என்ற புகார் மட்டும் தெளிவாக இல்லை. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவரும் இதையே கண்டார்: வயிறு உப்புகிறது, பசியே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் அவருடைய நோயாளிகளில் பலர் சொன்னார்கள். வேலூர் சி.எம்.சி. குழந்தை மனநலப் பிரிவின் பதிவேடுகளை ஆராய்ந்து 2007இல் வெளியான கட்டுரையில், உணவுக்கோளாறு இருந்த பிள்ளைகளில் 85 விழுக்காட்டினருக்கு மேல் உளவியல் காரணத்தால் வரும் வாந்திதான் நோயாக இருந்தது.

ஆகவே ஒல்லியான உடலையும் கண்ணாடியையும் மட்டும் தேடினால் நம் ஊரில் இந்த நோய் கண்ணில் படாது. வயிற்றுவலி, வாந்தி, நெஞ்செரிச்சல், விரதம், "அசைவம் பிடிக்கவில்லை", "அரிசி ஒத்துக்கொள்ளவில்லை" என்ற பேச்சுகளுக்குப் பின்னால் தேட வேண்டும். உடல் பருமனானவருக்கும் இந்நோய் வரும். ஜிம்முக்குப் போகும் பையனுக்கும் வரும். தசை போதவில்லை என்ற ஏக்கத்தில் சோற்றை விட்டுவிட்டுப் பொடிகளில் வாழும் இளைஞனை யாரும் நோயாளி என்று நினைப்பதில்லை.

வாழ்க்கைமுறை மாற்றம் என்று பேசுவதற்கு முன் பட்டினி மனத்துக்கு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, அதற்குப் பதிலாக இந்தச் சோதனைக்கு முன்வந்த ஆரோக்கியமான இளைஞர்கள் அவர்கள். வாரங்கள் செல்லச் செல்ல அவர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைப்பு இல்லாமல் போயிற்று. சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள், தட்டில் இருப்பதை மணிக்கணக்கில் பிசைந்துகொண்டிருந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். சோதனை முடிந்து உணவு கிடைத்த பிறகும் பலருக்கு வயிறு நிறைந்த உணர்வே வரவில்லை. எந்த மனநோயும் இல்லாதவர்களுக்கே இந்த நிலை. மகள் தோசையைக் கடுகளவாகப் பிய்த்துவைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் உட்கார்ந்திருக்கிறாள், தான் உண்ணாமல் மற்றவர்களுக்கு விதவிதமாகச் சமைத்துப் போடுகிறாள் என்றால், அதை அடமாகவோ கொழுப்பாகவோ பார்க்கும் தாய்க்கு இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும். அதில் பெரும்பகுதி பட்டினியின் வேலை. உடம்புக்கு உணவு சேரச் சேரத்தான் அது விலகும். வெறும் தியானத்தாலோ அறிவுரையாலோ விலகாது.

எனவே முதல் மருந்து சோறு. இதை அழகாக நிரூபித்தவர்கள் லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனைக்காரர்கள். நோயுற்ற இளம்பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த பழைய முறைக்கு மாறாக, ஊட்டும் பொறுப்பைப் பெற்றோரிடமே ஒப்படைக்கும் முறையை அவர்கள் வளர்த்தெடுத்தார்கள். அதன் பலன் 1987இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. நோய் தொடங்கி அதிக நாளாகாத வளரிளம் பருவத்தினருக்கு அது தனிநபர் சிகிச்சையைவிட நன்றாக உதவியது. பெற்றோர் நோய்க்குக் காரணமல்ல, மீட்புக்குக் கருவி என்பது அதன் அடிப்படை. யார் சமைக்கிறார், எவ்வளவு பரிமாறுகிறார் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். பிள்ளை உண்டு முடிக்கும் வரை ஒருவர் கூடவே அமர்ந்திருக்கிறார். தட்டைக் காட்டித் திட்டுவது, கெஞ்சுவது, கலோரி பேசுவது எதுவும் கிடையாது.

நம் வீடுகளுக்கு இது புதிதல்ல. "ஊணு கழிச்சோ?" என்பதே நலம் விசாரிப்பாக இருக்கும் மலையாள ஊரிலும், "சாப்பிட்டாச்சா?" என்று தொடங்கும் தமிழ் வீட்டிலும், பக்கத்தில் உட்கார்ந்து பரிமாற அத்தையோ உம்மும்மா என்னும் பாட்டியோ இருப்பார்கள். ஆனால் அதே வாய்தான் "தடி வெச்சல்லோ" (குண்டாகிவிட்டாயே), "மெலிஞ்ஞு போயல்லோ" (மெலிந்துவிட்டாயே) என்றும் சொல்கிறது. ஒரு வீடு இன்றைக்கே செய்யக்கூடிய, காசு செலவில்லாத வாழ்க்கைமுறை மாற்றம் எது என்று கேட்டால், உடம்பைப் பற்றிய அந்த இரண்டு வாக்கியங்களையும் நிறுத்துவது என்பேன். "இப்பதான் முகம் தெளிஞ்சிருக்கு" என்ற பாராட்டுகூட மீண்டுவருபவர் காதில் "குண்டாகிவிட்டாய்" என்றே விழும்.

அளவு மீறி உண்டு, பிறகு வாந்தி எடுக்கும் புலிமியாவுக்கும், வாந்தி இல்லாமல் அளவு மீறி உண்ணும் கோளாறுக்கும் முதல் படி ஒன்றுதான்: வேளை தவறாமை. ஆக்ஸ்போர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த சிகிச்சை, நாளுக்கு மூன்று உணவு, இடையில் இரண்டு மூன்று சிற்றுணவு, நான்கு மணிநேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடாமை என்றுதான் தொடங்குகிறது. இரவில் பாத்திரத்தை வழித்துத் தின்பவர் பெரும்பாலும் பகலில் பட்டினி கிடந்தவர். அவருக்கு "ராத்திரி வாயைக் கட்டு" என்று அறிவுரை சொல்வதைவிடக் காலையில் இட்லி சாப்பிடச் சொல்வது பயன் தரும். மணிமேகலையில் யானைத்தீ என்ற தீராப்பசியால் பன்னிரண்டு ஆண்டுகள் தவித்த காயசண்டிகைக்கு நோய் தீர்ந்ததும் அமுதசுரபியிலிருந்து பரிவோடு இடப்பட்ட சோற்றால்தான். அதை இயற்றிய சாத்தனார் அவளைப் பட்டினி போட்டுக் குணப்படுத்தவில்லை.

"கஞ்சிதானே, கொடுத்தால் தெம்பு வரும்" என்பது எல்லார் வாயிலும் வரும் பேச்சு. நெடுநாள் பட்டினியில் கிடந்த உடலில் கஞ்சியும் ஆபத்தாகலாம். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரக்கிறது. இரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றை அது செல்களுக்குள் இழுத்துவிடுகிறது. இதயம் தடுமாறுகிறது, மூச்சு திணறுகிறது, தயமின் பற்றாக்குறை இருந்தால் மூளையும் பாதிக்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், பட்டினியிலிருந்து மீட்கப்பட்ட கைதிகள் உணவு கொடுக்கத் தொடங்கிய பிறகு இறந்தபோதுதான் மருத்துவ உலகம் இதைக் கவனித்தது. ஆகவே வெகுவாக மெலிந்தவருக்கு வீட்டில் ஊட்டத் தொடங்குவதற்கு முன் இரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் வேண்டும். முதல் நாட்களின் உணவு அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேரள ஆயுர்வேதத்துக்கு இந்த எச்சரிக்கை தெரியாததல்ல. பஞ்சகர்மத்தில் வாந்தியோ பேதியோ கொடுத்தபின் நோயாளியை உடனே விருந்துக்கு உட்கார வைப்பதில்லை. முதலில் நீர்த்த கஞ்சி, அடுத்து கெட்டிக் கஞ்சி, பிறகு தாளிக்காத பருப்பு நீர், தாளித்த பருப்பு நீர், கடைசியில் இறைச்சிச் சாறு என்று நாள்கணக்கில் படியேற்றுவார்கள். சம்சர்ஜன கிரமம் என்று அதற்குப் பெயர். எளிதிலிருந்து கனமானதற்குப் பொறுமையாகப் போகும் அந்த ஒழுங்கும், நோயாளி தானாக முடிவெடுக்க வேண்டாதபடி ஒருவர் வரையறுத்துத் தரும் அந்த அமைப்பும் மிக மதிப்புள்ளவை. இரத்தப் பரிசோதனையோடு சேர்ந்தால் உணவுக்கு அஞ்சும் ஒருவருக்கு அது நல்ல பாலமாகலாம் என்று நினைக்கிறேன்.

அதே பஞ்சகர்மத்தின் முன்பாதியான வமனமும் (வாந்தி) விரேசனமும் (பேதி) இந்த நோயாளிகளுக்கு ஆகவே ஆகாது. வாந்தியையும் பேதியையுமே நோயாகக் கொண்டவருக்குச் சிகிச்சை என்ற பெயரில் அவற்றைக் கொடுப்பது, நோய்க்கு வைத்தியரின் முத்திரை குத்தித் தருவதாகும். திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பவரின் முன்பற்கள் உட்புறம் அரித்திருக்கும், கன்னத்துச் சுரப்பிகள் வீங்கியிருக்கும், பொட்டாசியம் சரிந்திருக்கும். அந்நிலையில் ஒரே ஒரு பேதி மருந்துகூட இதயத் துடிப்பைக் குலைக்கலாம். கொச்சியைச் சுற்றியுள்ள "உடல் சுத்திகரிப்பு" முகாம்களில் சேர்க்கும் முன் இந்தக் கேள்விகளை யாராவது கேட்கிறார்களா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிடும் தமிழ் வீட்டுப் பழக்கத்துக்கும், "லங்கணம் பரம ஔஷதம்" (பட்டினியே சிறந்த மருந்து) என்ற பழமொழிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் மசாலாக் கடைகளில் மிளகோடும் ஏலத்தோடும் விற்கும் குடம்புளி, மீன்கறிக்கு உயிர். அதே புளியின் சாறு உலகெங்கும் எடை குறைக்கும் மாத்திரையாக விற்கப்பட்டது. 1998இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் 135 பேர் பன்னிரண்டு வாரம் அதையோ போலி மாத்திரையையோ விழுங்கினார்கள்; இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பின்னாளில் கல்லீரல் பாதிப்புச் செய்திகளும் வந்தன. குடம்புளி மீன்கறியில் இருக்கட்டும்.

யோகாவுக்கு வருவோம். இங்கே சான்று கலவையானது. சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையில் 11 முதல் 21 வயதுக்குட்பட்ட 54 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு எட்டு வாரம் யோகாவும் செய்தவர்களுக்கு நோயின் அறிகுறிகள் தொடர்ந்து குறைந்தன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் முதலில் சற்றுத் தேறி, பன்னிரண்டாம் வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பினார்கள். யோகா வகுப்பு முடிந்த கையோடு உணவைப் பற்றிய ஓயாத நினைப்பு குறைந்தது என்பது அந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு. 2017இல் வெளியான இன்னொரு ஆய்வு, தங்கிச் சிகிச்சை பெறுபவர்களுக்கு இரவு உணவுக்கு முன் யோகா கொடுத்துப் பார்த்தது. உணவுக்கு முன் வரும் மனக்கலக்கம் தணிந்தது. ஆனால் 2007இல் உடல் அதிருப்தியுள்ள கல்லூரிப் பெண்களிடம் செய்த ஆய்வில் யோகாவால் பலன் தெரியவில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டியோ, உணவுக்கோளாறுக்குச் சிகிச்சையாக யோகா, அக்குபஞ்சர், எடைப்பயிற்சி, வெப்ப சிகிச்சை எதையும் தர வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

நைஸ் சொல்வதை ஏற்கிறேன். யோகாவை மட்டும் நம்பி உணவைத் தள்ளிப்போடும் குடும்பங்களைக் காப்பாற்ற அந்தக் கண்டிப்பு வேண்டும். அதேசமயம் 54 பேரின் ஆய்வு காட்டும் நன்மையைத் தூக்கியெறியவும் மனம் வரவில்லை. உணவுக்கு அரைமணி முன்னே, பாயில் படுத்து, வயிறு ஏறி இறங்குவதைக் கவனிக்கும் ஒரு பெண், பல மாதங்களாகத் தன் எதிரியாக நினைத்த உறுப்போடு முதல்முறை பகையில்லாமல் இருக்கிறாள். அவ்வளவுதான் யோகாவிடம் கேட்க வேண்டும். வியர்க்க வியர்க்கச் செய்யும் பவர் யோகா, நூற்றெட்டு சூரிய நமஸ்காரம், வேகமான கபாலபாதி ஆகியவை எடை தேறும் வரை கூடாது. உப்புநீர் குடித்து வாந்தி எடுக்கும் குஞ்சல் கிரியையும், குடலைக் கழுவும் சங்கப் பிரக்ஷாளனமும் இவர்களுக்கு என்றைக்குமே கூடாது. நல்ல யோகா ஆசிரியர் சேர்க்கையின்போதே தனியாகக் கூப்பிட்டு, "மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, மயக்கம் வந்ததுண்டா, எதற்காக யோகா?" என்று கேட்பார். "எடை குறைக்க" என்று ஒல்லியான பெண் பதில் சொன்னால் அவர் வகுப்பைத் தொடங்காமல் பெற்றோரை அழைக்க வேண்டும்.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். மசாஜ் பெற்ற அனோரெக்சியா நோயாளிகளுக்கு மன அழுத்தமும் கார்டிசாலும் குறைந்ததாக 2001ஆம் ஆண்டின் சிறிய ஆய்வு ஒன்று காட்டியது. எண்ணெய் தேய்த்துவிடும் கைகள் இருக்கும் வீட்டில் அதை முயன்று பார்க்கலாம். உடலைச் சூடாக்கும் சட்டை அணிவித்துப் பார்த்த 2004ஆம் ஆண்டு ஆய்வில் எடை கூடவில்லை. துத்தநாகம் கொடுக்கப்பட்டவர்களுக்கு எடை வேகமாக ஏறியதாக 1994இல் கனடாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஆனால் நோயாளிகள் சிலர்தான், ஆகவே மருத்துவர் சொன்னால் மட்டும். நடையும் ஓட்டமும் எடை தேறிய பிறகு, யாருடனாவது பேசிக்கொண்டு, படிகளை எண்ணும் கைக்கடிகாரம் இல்லாமல்.

திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஃபிஜித் தீவின் ஒரு பகுதியில் 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஹார்வர்ட் ஆய்வாளர் அங்குள்ள பள்ளி மாணவிகளை அப்போதும், மூன்று ஆண்டுக்குப் பிறகும் சோதித்தார். உணவுக்கோளாற்றின் சாயல் தெரிந்தவர்கள் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாகியிருந்தார்கள். பெண் புஷ்டியாக இருப்பதை மெச்சும் சமூகம் அது. ஒரே ஒரு தொலைக்காட்சி மூன்று ஆண்டில் செய்ததைக் கைப்பேசி எவ்வளவு விரைவில் செய்யும் என்பதைப் பெற்றோர் யோசிக்கலாம். மீட்புக் காலத்தில் உணவு, உடற்பயிற்சிக் காணொளிகளைப் பின்தொடர்வதை நிறுத்துவதும் சிகிச்சையின் பகுதிதான்.

நாள் பிடிக்கும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை நோயாளிகளை 22 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. அனோரெக்சியா உள்ளவர்களில் ஒன்பதாம் ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே மீண்டிருந்தார்கள். 22ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஒன்பது ஆண்டாகியும் மீளாதவர்களில் பலர் அதற்குப் பிறகுதான் எழுந்து வந்திருக்கிறார்கள்.

மீண்டும் நோன்பு. ரமலானைத் தொடர்ந்து உணவுக்கோளாறு வெளிப்பட்ட வளரிளம் பருவத்தினர் சிலரைப் பற்றித் துருக்கி மருத்துவர்கள் 2014இல் எழுதினார்கள். நோன்பு நோயை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருளல்ல. ஏற்கெனவே உள்ளே இருக்கும் விதைக்கு அது நீராகலாம். குர்ஆன் இரண்டாம் அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு அளிக்கின்றன. லத்தீன் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 18 வயது நிறையாதவருக்கு ஒருசந்தி என்னும் நோன்பைக் கடமையாக்கவில்லை. சர்க்கரை நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் இந்த விலக்கை எல்லாரும் ஏற்கிறார்கள். உணவுக்கோளாறுக்கு யாரும் கேட்பதே இல்லை, ஏனென்றால் அதை நோய் என்று கருதுவதில்லை. ஓர் உஸ்தாதோ பாதிரியாரோ மேடையில் ஒருமுறை இதைச் சொன்னால், பத்து மருத்துவர்கள் சொல்வதைவிட அதிகம் காதில் ஏறும்.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மிகக் குறைந்த நாடித்துடிப்பு, தொடர்ந்த வாந்தி, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்ற நேரங்களில் முதல் பேச்சுக்கு 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த அரசு இலவச மனநலச் சேவையில் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். நோன்பு மாதம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதே மருத்துவரைப் பார்த்து, இந்த ஆண்டு நோன்பு வேண்டாம் என்பதை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மாலையில் நோன்பு திறக்கும்போது எல்லாரோடும் சீரகக் கஞ்சிக்கு நோயுற்ற பெண்ணும் உட்காரட்டும்; அதற்காகப் பகல் உணவு விட்டுப்போகக் கூடாது. பகலில் அவளுக்குப் பரிமாறி, அவள் உண்டு முடிக்கும் வரை கூட இருக்க ஒரு பெரியவர் வேண்டும். வீடே நோன்பிருக்கும்போது அது யார் என்பதைப் பிறை பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.